மாசி அமாவாசைக்குள் பிள்ளைகளுக்குப் பேய்க்கதைப் புத்தகம் சேர்ப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன் மாசி அமாவாசை அன்று, அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பாலாற்றங்கரைக்கு, சுடுகாட்டில் நடக்கிற அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை பார்க்கப் போனேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. காளி வேஷம் கட்டிய ஒருவர் நாக்கைத் துருத்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கமாக ஓடிவந்தார். என் புடவைக்குள் முகத்தைப் புதைத்தவள் வீடு வந்து சேரும்வரை எடுக்கவே இல்லை. மூன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை. “கதையாகப் படித்தால் பயம் தெளிந்துவிடும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சரி என்று கடைக்குப் போய்க் கையில் கிடைத்த நாலு பேய்க்கதைப் புத்தகங்களை வாங்கிவந்தேன். அதில் ஒன்றைப் படித்ததில் நாலாவது இரவும் தூக்கம் போனது.

எந்தப் புத்தகத்தை எப்போது வாங்க வேண்டும், எங்கே கேட்க வேண்டும், யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது மாசியில் தொடங்கிக் கோடை விடுமுறை முடியும்வரை, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்து பேய்க்கதை படிக்கிறார்கள். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

நம் பக்கத்தில் பேய்க்கதைக்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசையில் மயானக் கொள்ளை. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெட்டுண்ட தலை, சுடுகாடு, காளி வேஷம் எல்லாவற்றையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற மாதங்கள் இவை. கேள்விகளும் அப்போதுதான் வரும். புத்தகமும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

அமாவாசை நெருங்கியபின் தேட ஆரம்பித்தால் ஒன்றும் கிடைக்காது. தமிழில் சிறுவர் பேய்க்கதைகள் குறைவு. இருப்பவையும் கொஞ்சமாகத்தான் அச்சாகின்றன. தீர்ந்துவிட்டால் அடுத்த பதிப்பு எப்போது என்று பதிப்பகத்துக்கே சொல்லத் தெரியாது. அதனால் சிவராத்திரி தேதியிலிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணுங்கள். மார்கழியில் பட்டியல் போட வேண்டும், பொங்கலையொட்டி வாங்க வேண்டும், தை கடைசிக்குள் நீங்களே எல்லாவற்றையும் ஒருமுறை படித்து முடித்திருக்க வேண்டும்.

மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் வரை தேர்வு நேரம். அப்போது பேய்க்கதைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அம்மாக்கள் விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நாங்கள் மாசியில் இரண்டு மாலை வைத்துக்கொள்கிறோம். அப்புறம் நிறுத்திவிட்டு மே மாதத்தில் வாரம் ஒருமுறை.

மயானக் கொள்ளை அன்று எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியத்துக்குமேல் பாலாற்றுப் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். புத்தகப் பார்சல் வரும், போய் வாங்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் அந்த நாளை நம்பவே கூடாது.

2. வாசிக்கிற அளவு வேறு, பயப்படுகிற அளவு வேறு

அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். எளிமையான, நல்ல ஏற்பாடு. உங்கள் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறாள் என்பதை இதை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் இது எழுத்தைப் படிக்கிற திறனுக்கான அளவு. பயத்தைத் தாங்குகிற அளவு தனி. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. அண்ணன் மகள் தடங்கல் இல்லாமல் படிப்பாள் என்று பத்து வயதுக்கான புத்தகத்தை ஏழு வயதில் கொடுத்துவிட்டேன். எழுத்தில் ஒரு இடத்திலும் அவள் திக்கவில்லை. ஆனால் ஒரு படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே அந்தப் பக்கம் முழுவதையும் படித்தாள். விரலை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழே இருந்தவை பேயின் கண்கள்.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் பிள்ளையிடம் கொடுக்குமுன் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, கடைசி மூன்று பக்கம். கடையில் நின்றபடியே படித்துவிடலாம். பேய் போய்விட்டதா, நண்பனாகிவிட்டதா, அல்லது “அது இன்னும் அங்கேதான் இருக்கிறது” என்று கதை முடிகிறதா? மூன்றாவது வகை முடிவு பத்து வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அட்டையில் என்ன வயது போட்டிருந்தாலும் சரி.

இரண்டாவது, பேய் எங்கே குடியிருக்கிறது என்பது. காட்டில், பாழடைந்த கோட்டையில், ஊருக்கு வெளியே புளியமரத்தில் இருந்தால் பிள்ளை புத்தகத்தை மூடியதும் அது அங்கேயே நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில், கழிப்பறையில், கண்ணாடிக்குள் இருந்தால் இரவில் பிள்ளை கழிப்பறைக்கே போகாது. இதை அனுபவத்தில் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது, கதையில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கேடு வருகிறதா என்பது. பேயை விடப் பிள்ளைகளை உலுக்குவது அதுதான். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்தப் பருவம் முழுவதும் வேறு புத்தகம் கொடுங்கள்.

நான்காவது படம். கண்ணும் பல்லும் பக்கத்தை நிறைக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் வண்ணப்படத்தைவிடப் பயம் குறைவு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சில பிள்ளைகளுக்கு மை இருட்டுதான் அதிகப் பயம்.

வயதுக்கு ஏற்ற பொதுக் கணக்கு என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். நாலிலிருந்து ஆறு வயதுக்கு, பேய் பிள்ளையைவிடப் பயந்தாங்கொள்ளியாக இருக்கிற கதைகள். ஏழிலிருந்து ஒன்பது வரை, ஏதோ சத்தம் கேட்கிறது, தேடிப் போனால் வேறொன்றாக முடிகிறது என்ற மாதிரிக் கதைகள். பத்துக்கு மேல்தான் நிஜப் பேய். அந்த வயதுக்கு விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளுக்கு ஈடு இல்லை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். பிள்ளைகள் பயத்தை மறந்து விடைக்காகச் சண்டை போடுவார்கள். ஆனால் எச்சரிக்கை: மூலத்தில் 25 கதைகள், எல்லாம் சிறுவருக்கானவை இல்லை. கணவன் மனைவி விவகாரங்கள் உள்ள முழுப் பதிப்பும் சிறுவர் பதிப்பும் ஒரே மாதிரி அட்டையில் கடையில் கிடக்கும். உள்ளே புரட்டாமல் வாங்காதீர்கள்.

3. வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள், எழுத்தில்

உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்றால் இந்தப் படி வேண்டாம். தெருப் பிள்ளைகளையும் சேர்ப்பதென்றால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் வருடம் வாங்கிய ஒரு புத்தகத்தில் காட்டேரி ரத்தம் குடிக்கிற வில்லி. எதிர் வீட்டுப் பையன் அதைப் படித்துவிட்டு வீட்டில் கேட்டிருக்கிறான். மறுநாள் அவனுடைய ஆயா வந்தார். கோபமாகப் பேசவில்லை. “காட்டேரி அம்மா எங்க வூட்டு சாமி. வருசா வருசம் படையல் போடறோம். அது இன்னாத்துக்குமா கொயந்தைங்க ரத்தத்தைக் குடிக்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காட்டேரி, முனீஸ்வரன், அங்காளம்மன் எல்லாம் நம் பக்கத்தில் பல வீடுகளுக்குக் குலதெய்வங்கள். சினிமாவும் சில புத்தகங்களும் அவர்களைப் பேயாக்கி வைத்திருக்கின்றன. இப்போது பிள்ளையைச் சேர்க்கும்போதே குலதெய்வம் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஜின் வருகிற கதைகளைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சில கிறிஸ்தவ வீடுகளில் பேய்க்கதையே வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை, விடுகதைப் புத்தகம் தனியாக வைத்திருங்கள். ஒதுக்கிவைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். சுடுகாட்டில் வேலை செய்கிற ஆளைப் பயங்கரமானவனாக வரைந்திருந்த ஒரு கதையை மாடியில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். எங்கேடா என்றேன். “எங்கப்பா அங்கதான் வேலைக்குப் போவாரு, ஆன்ட்டி” என்றான். அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போய் அவன் அப்பாவைப் பார்த்துப் பேசி, அந்தப் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன் இப்போது வருகிறான். சேரி, சுடுகாடு, பறை, வெட்டியான் என்ற சொற்கள் வருகிற பக்கங்களை நீங்கள் முன்னதாகவே படித்துவிடுங்கள். அங்கே பயம் பேயைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா என்று பாருங்கள். மனிதரைப் பற்றியது என்றால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

சம்மதச் சீட்டு அரைப் பக்கம் போதும்: பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர் கைபேசி எண், குலதெய்வம், வேண்டாம் என்று நினைக்கிற விஷயம், முடிந்ததும் யார் வந்து அழைத்துப்போவார்கள், கையெழுத்து. ஜெராக்ஸ் எடுத்தால் பதினோரு சீட்டுக்கும் சேர்த்து இருபது ரூபாய்கூட ஆகாது.

4. இலவசமாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் ஆயிரம் ரூபாய் செலவழிக்காதீர்கள். பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்துப் பார்க்கலாம். இருட்டு, இரவு, பூதம், பேய் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடுங்கள். ஒரே சொல்லில் எல்லாம் வராது. பிடிஎஃப் ஆக இறக்கி அச்சிடலாம். அதற்கு அனுமதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே இருக்கிறது.

அச்சிடும்போது கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரெல்லாம் அங்கேதான் இருக்கும். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த உரிமத்தின் நிபந்தனை. காசு மிச்சம் என்று நான் முதலில் அந்தப் பக்கத்தை அச்சிடாமல் விட்டேன். பிறகு தெரிந்து சேர்த்தேன்.

எங்கள் பகுதி ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளை பக்கம் 2 ரூபாய், வண்ணம் 10 ரூபாய் வாங்கினார்கள். ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் போட்டு, அட்டையை மட்டும் வண்ணத்தில் எடுத்தால் ஒரு கதை முப்பது, நாற்பது ரூபாயில் முடியும். நடுவில் ஊசிநூல் போட்டுத் தைத்துவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் சின்னப் பிள்ளைகள் விரலைக் குத்துகிறது.

இந்த உரிமம் இல்லாத புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. நம் நாட்டில் காப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் இருக்கிறது. அதேபோல, நீங்கள் உரக்க வாசிப்பதை வீடியோ எடுத்து யூடியூபில் போடவும் வேண்டாம். மாடியில் பத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பது வேறு, உலகத்துக்கு ஒளிபரப்புவது வேறு.

5. நூலக உறுப்பினர் அட்டை

வேலூர் மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ பிள்ளையின் பெயரில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, முகவரிக்கு ஆதார் நகல், பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை நகல். எனக்குக் காப்புத்தொகையும் சந்தாவும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. காப்புத்தொகைக்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அட்டையை ஒப்படைக்கும்போது பணத்தைத் திரும்பக் கேட்க அது வேண்டும்.

கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன்.

நூலகத்தில் பேய்க்கதைக்கென்று தனி அலமாரி இருக்காது. சிறுவர் பகுதியில் நாட்டுப்புறக் கதை, மாயாஜாலக் கதை, மொழிபெயர்ப்பு என்ற மூன்று இடத்திலும் தேடுங்கள். நூலகரிடம் “பேய்க்கதை வேணும்” என்று கேட்டால் பெரியவர்கள் படிக்கிற மர்ம நாவலை எடுத்துக் கொடுத்துவிடுவார். “எட்டு வயசுப் பிள்ளைக்கு, பூதம் வர்ற நாட்டுப்புறக் கதை” என்று கேளுங்கள். எனக்குத் தந்த கெடு இரண்டு வாரம். ஆகவே வாசிப்பு மாலைக்கு மூன்று நாள் முன்னால் எடுத்தால் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகவும் நாள் மிஞ்சும்.

6. வாங்குவது

ஜனவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிற புத்தகக் காட்சிதான் நமக்குப் பொருத்தமான நேரம். காட்பாடியிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம், இரவுக்குள் திரும்பிவிடலாம். பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கம். அதைவிடப் பெரிய லாபம், பாரதி புத்தகாலயம், துலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற சிறுவர் நூல் வெளியீட்டாளர்களின் புத்தகங்களை ஒரே நாளில் கையில் எடுத்துக் கடைசி மூன்று பக்கத்தைப் படித்துவிடலாம். போக முடியாதவர்கள் நம் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருக்கலாம். ஆனால் அதன் தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, மாசிக்கு முன்னால் வரும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

போகுமுன் பட்டியலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பின்னட்டையில் கோடுகளுக்குக் கீழே இருக்கிற பதின்மூன்று இலக்க எண் அது. இந்தியப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 97881 அல்லது 97893 என்று தொடங்கும். இந்த எண் ஏன் முக்கியம் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரே படக்கதையை ஒரே அட்டைப்படத்தோடு ஏழெட்டு மொழிகளில் வெளியிடுவார்கள். இணையத்தில் பெயரை மட்டும் பார்த்து மூன்று புத்தகம் போட்டேன், மூன்றும் தெலுங்கில் வந்தன. எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு, ஆனால் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபிறகுதான் பார்சலைப் பிரித்தேன். மொழிக்கு மொழி எண் மாறும். எண்ணைச் சரிபார்த்தபின் பணம் கட்டுங்கள், வந்த அன்றே பிரியுங்கள்.

இன்னொரு வலை, கள்ளப் பதிப்பு. விலை பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். எனக்கு வந்த ஒன்றில் மை விரலில் ஒட்டியது, படங்களில் முகமெல்லாம் சாம்பல் நிறக் கறையாக இருந்தது, நடுவில் எட்டுப் பக்கம் இல்லை. பேய் யாரென்று தெரியவருகிற இடமே அந்த எட்டுப் பக்கத்தில்தான். பிள்ளை இரண்டு நாள் அழுதாள். பதிப்பகத்துக்கே நேரடியாகத் தொலைபேசி செய்து, பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பி, தபால் செலவோடு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுப் பணம் அனுப்புவதுதான் இப்போது என் வழக்கம். நாலைந்து நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிள்ளைகளின் படப் புத்தகத்துக்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும்கூட இல்லை. பில்லில் புத்தக விலைமேல் வரி போட்டிருந்தால் கேளுங்கள். அனுப்புகிற செலவுக்கு வரி வரலாம், அது வேறு.

என் முதல் அலமாரிக்கு ஆன செலவு: பதினான்கு புத்தகம், 1,850 ரூபாய். மெல்லிய படக்கதைகள் 50 முதல் 100 ரூபாய்க்குள், கொஞ்சம் தடித்தவை 150 முதல் 250 வரை. இதில் நாலு புத்தகம் தவறான தேர்வு. மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் செய்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

7. வெளியூருக்கு அனுப்ப

குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்களோடு புத்தகங்களை மாற்றிக்கொள்கிறோம். அதற்கு அஞ்சலகத்தின் ஞான் போஸ்ட் நல்ல வழி. 2025 மே முதல் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் முடியும். தரைவழியாகப் போவதால் நாள் பிடிக்கும், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே புத்தகம் மட்டும்தான் இருக்க வேண்டும், அதில் வெளியிட்டவர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரங்கள் கொண்ட வணிக அச்சு செல்லாது. பொம்மை, முகமூடி, முறுக்குப் பொட்டலம் எதையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அவற்றுக்குத் தனிப் பார்சல் போடுங்கள்.

8. ஆங்கிலப் புத்தகங்களும் அக்டோபர் 31ம்

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் ஹாலோவீன் புத்தகம் கேட்பார்கள். அது அக்டோபர் 31 இரவு மேல்நாட்டில் கொண்டாடுவது. பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பதும், வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பதும் அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். நம் வீடுகளில் பூசணி திருஷ்டிக்கு உடைப்பது, அதை எதற்குக் குடைகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியாது. வாசிக்குமுன் ஐந்து நிமிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கதை நடுவில் நிறுத்தி விளக்கினால் பயமும் போய்விடும், கதையும் போய்விடும்.

கூஸ்பம்ப்ஸ் என்ற சிறுவர் திகில்கதை வரிசையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1992இல் தொடங்கியது, முதல் வரிசையில் மட்டும் 62 புத்தகங்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் மயங்காதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனிக் கதை, வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பழைய புத்தகமாக இரண்டு வாங்கிப் பாருங்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிடும் இடத்தில் நிறுத்துவார்கள் என்பதால் இரவில் “இன்னும் ஒரே ஒரு பாகம்” என்று பிள்ளை தூங்காது. எங்கள் கணக்கில் இது பத்து வயதுக்கு மேல், பகலில்.

9. வாசிக்கும் மாலை

ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுங்கள். அந்தி மங்கி இருட்டுகிற நேரம் போதும், நள்ளிரவு வேண்டாம். மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் மார்பளவாவது இருக்க வேண்டும். மின்விளக்கை முழுதும் அணைக்காமல், படிக்கட்டு விளக்கை எரியவிடுங்கள். வாசிப்பவர் கையில் ஒரு டார்ச், ஒவ்வொரு இரண்டு சிறுவருக்கும் ஒரு டார்ச். இருட்டு தங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் தைரியமாக உட்காருவார்கள்.

முதலில் சின்னவர்களுக்கான கதை. அது முடிந்ததும் அவர்களைக் கீழே அனுப்பிவிட்டுப் பெரியவர்களின் கதை. இரண்டையும் கலக்காதீர்கள். யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒளிந்திருந்து பயமுறுத்துவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இரண்டாம் வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, சரியான இடத்தில் கத்தினான். ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். பாவாடையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி என் அண்ணன் மகளின் கவுனைப் போட்டுவிட்டேன். அவள் திரும்ப வர இரண்டு மாதம் ஆனது.

கடைசியில் பத்து நிமிடம் பேயில்லாத நேரமாக இருக்கட்டும். நாங்கள் சுண்டல் கொடுத்துவிட்டு, அன்றைய கதையில் பேய்க்கு நீங்கள் இருந்தால் என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்போம். பெயர் வைத்துவிட்டால் பாதிப் பயம் இறங்கிவிடுகிறது. எங்கள் மாடியில் ஒரு கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் பெயர் டியூப்லைட்டு. சீட்டில் எழுதியிருக்கிற பெரியவர் நேரில் வந்தால் மட்டுமே பிள்ளையை அனுப்புங்கள்.

10. பள்ளியில் வைக்க விரும்பினால்

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அதோடு புத்தகப் பட்டியல் ஒன்று இணையுங்கள்: பெயர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் எண், விலை, எந்த வகுப்புக்கு என்று. கடிதத்தை மட்டும் கொண்டுபோனால் “பேய்க்கதையா, வேண்டாம்மா” என்று முடிந்துவிடும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள், ஒரு வாரம் ஆசிரியர்கள் படித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு அனுமதி கிடைத்தது அப்படித்தான். பள்ளியே வாங்குவதாக இருந்தால் சில இடங்களில் மூன்று கடைகளின் விலைப்புள்ளி கேட்பார்கள். பில் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்டால் கணக்கில் ஏறாது. நவம்பருக்குள் கடிதம் கொடுத்துவிட்டால் மாசிக்குள் புத்தகம் வந்துசேர நேரம் இருக்கும்.

நன்கொடையாகக் கொடுக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பள்ளி முத்திரை குத்தும்வரை உடனிருங்கள், பதிவேட்டில் எண் ஏறியதும் அந்தப் பட்டியலின் நகலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு அலமாரிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். யார் எடுத்தார்கள், எந்தத் தேதி என்ற இரண்டு பத்தியோடு, எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று மூன்றாவது ஒன்றையும் சேருங்கள். எங்கள் நோட்டில் ஒரு புத்தகத்தை நாலு பிள்ளைகள் 23ஆம் பக்கத்தோடு திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் படத்தை எடுத்துப் பார்த்தேன், அதில் கட்டிலுக்கு அடியில் ஒரு கை. அந்தப் புத்தகம் இப்போது மேல் தட்டில், பெரிய பிள்ளைகளுக்கு.